302 நரம்பணுக்களின் வரைபடம் ஒரு புழுவைக் கணினியில் உருவாக்கப் போதுமா?

கதிரவன்:
சி. எலிகன்ஸ் என்னும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவின் 302 நரம்பணுக்களும் எங்கெங்கே இணைகின்றன என்பதை ஜான் வைட், சிட்னி பிரென்னர் குழுவினர் 1986-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். அதன் பிறகும் அப்புழுவைக் கணினியில் முழுமையாக இயங்க வைக்க எவராலும் இயலவில்லை; 2011-இல் தொடங்கிய ஓப்பன்வோர்ம் திட்டமும் அந்த இலக்கை எட்டவில்லை. இணைப்புகளைத் தெரிந்துகொண்டால் நடத்தையும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையைக் கைவிடுவதே நேர்மை.

மதிவதனி:
இதை நான் ஏற்கவில்லை. பழ ஈயின் மூளை வரைபடத்தையும், எந்த அணு எந்த வேதிப்பொருளை வெளியிடும் என்ற கணிப்பையும் அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு நரம்பணுவையும் மிக எளிய சமன்பாடாகச் சுருக்கி உருவாக்கிய கணினி மாதிரி 2024-இல் வெளிவந்தது. இனிப்பை உணரும் அணுக்களைத் தூண்டினால் உறிஞ்சுகுழலை நீட்டச் செய்யும் அணுக்கள் எவை என்று அது கணித்தவற்றுள் பல, உயிருள்ள ஈக்களில் சோதித்தபோது சரியாகவே இருந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அணுக்களில் பலித்த முறையை 302 அணுக்களில் பலிக்காது என்று எப்படித் தள்ளுவது?

கதிரவன்:
எண்ணிக்கை குறைவு என்பதால் வேலை எளிதாகிவிடாது. புழுவின் நரம்பணுக்களில் பெரும்பாலானவை விட்டுவிட்டுத் துடிப்பதில்லை. மின்னழுத்தம் படிப்படியாக ஏறி இறங்குகிறது. மணத்தை உணரும் ஏடபிள்யூசி அணு வெளியிடும் அதே குளூட்டமேட் என்னும் வேதித்தூதுப் பொருள், ஏஐபி அணுவைத் தூண்டுகிறது, ஏஐஒய் அணுவையோ அடக்குகிறது. பெறும் அணுவில் அப்பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஏற்பி எது என்பதே இதைத் தீர்மானிக்கிறது. வரைபடத்தில் இரண்டுமே வெறும் கோடுகள்தாம். நரம்பணுக்கள் வெளியிடும் சிறு புரதத் துண்டுகளான நியூரோபெப்டைடுகளோ இணைப்பே இல்லாத அணுக்களையும் சென்றடைகின்றன. 2023-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக ஒளியால் தூண்டி மற்றவற்றின் எதிர்வினையை அளந்தபோது, வரைபடத்தை மட்டும் வைத்துக் கணித்தவற்றோடு அது பல இடங்களில் ஒத்துப்போகவில்லை.

மதிவதனி:
அந்த அளவீடுகள் என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கின்றன. ஏற்பிகளையும் பெப்டைடுகளையும் மாதிரியில் சேர்க்க வேண்டும் என்றே அவை சொல்கின்றன. மாதிரியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வரைபடம் இல்லாவிட்டால் எது ஒத்துப்போகவில்லை என்பதையே நாம் அறிந்திருக்க முடியாது.

இளங்கோ:
எதை வெற்றி என்று கொள்வது என இருவருமே சொல்லவில்லை. திரையில் புழு நெளிவது சான்றாகாது; எண்களைத் திருகி எதையும் நெளிய வைக்கலாம். இதுவரை எவரும் அழித்துப் பார்க்காத ஓர் அணுவை நீக்கினால் என்ன நடக்கும் என்று மாதிரி முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கதிரவன்:
அந்த அளவுகோலை ஏற்கிறேன். அதில் தேறும் முழுப்புழு மாதிரி ஒன்று வரும்வரை என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை.