கணியன், கணக்கர், கணிதவியலாளர்: இராமானுசனுக்கு எது பொருந்தும்?

கேள்வி:
பள்ளி ஆண்டு மலருக்காக இராமானுசனைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவரைக் 'கணிதவியலாளர்' என்று குறிப்பிட்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்த நண்பர் அதை அடித்துவிட்டு, கணியன் பூங்குன்றனாரின் பெயரிலேயே நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதே என்று 'கணியர்' எனத் திருத்தியிருக்கிறார். அச்சொல்லுக்கு அப்பொருள் உண்டா?

மறுமொழி 1:
கணித்தல் என்னும் வினை பொதுவானதே. ஆயினும் பழைய இலக்கியத்தில் கணி, கணியன் என்பவை நாளும் கோளும் கணித்துக் காலம் சொல்பவரையே குறிக்கின்றன. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் செங்குட்டுவனின் ஆசானோடும் அமைச்சரோடும் சேர்த்து எண்ணப்படும் 'பெருங்கணி' அரண்மனைச் சோதிடரே. தினை முற்றும் பருவத்தைத் தன் பூவால் அறிவிக்கும் வேங்கை மரத்துக்கும் கணி என்ற பெயர் உண்டு என்பதை நினைத்தால், அச்சொல்லில் எண்ணைவிடக் காலமே மேலோங்கி நிற்பது விளங்கும். 'கணக்காயர்' என்பதும் உதவாது. கணக்காயர் இல்லாத ஊரால் நன்மையில்லை என்று திரிகடுகம் சொல்லும்போது எழுத்தறிவிக்கும் ஆசிரியரைத்தான் கருதுகிறது. பதினெண்கீழ்க்கணக்கு என்பதில் உள்ளதுபோல அங்கே கணக்கு என்றால் நூல்.

மறுமொழி 2:
இக்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கத்தில் 'மாத்தேமா' என்றால் கற்கப்படுவது. அதன் வழிவந்த 'மாத்தமாட்டிகுஸ்' என்னும் சொல் இலத்தீனில் பெரும்பாலும் சோதிடரையே சுட்டிற்று. 6ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட கிழக்கு உரோமப் பேரரசர் யுஸ்தினியானின் சட்டநூல், சூனியக்காரரையும் இவர்களையும் ஒரே தலைப்பில் வைத்து, வடிவியலைக் கற்பது பொதுநலனுக்கு உகந்தது என்றும் 'மாத்தமாட்டிகா' கலையோ கண்டனத்துக்குரியது, தடைசெய்யப்பட்டது என்றும் அடுத்தடுத்த வரிகளில் கூறுகிறது. சொல்லின் பொருள் பின்னர் அங்கே மாறிவிட்டது. நம்மிடம் கணியன் பழம்பொருளோடு நின்றுவிட, வடமொழிக் 'கணித'த்திலிருந்து புதுச்சொல் அமைத்துக்கொண்டோம்.

மறுமொழி 3:
கணிதமே ஒரு துறையாக இருக்க, அதன்மேல் 'இயல்' எதற்கு என்பது என் நெடுநாள் முணுமுணுப்பு. 'கணித அறிஞர்' போதும். 'கணிதவியலாளர்' என்றே எழுதுவதானால், இயல் + ஆளர் என்பதை மறந்து 'வியளாளர்' என்று அச்சாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 'கணித அறிஞர்' என்றே மாற்றிவிட்டேன். ஆனால் 1912இல் அவர் சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்ததைச் சொல்லும் பத்தியில் மட்டும் 'கணக்கர்' என்ற சொல்லை அப்படியே விட்டிருக்கிறேன்.