ஸ்டாட்டிக் ப்ரெஷர் காலிபரேஷன்: தமிழ்ல என்ன போடலாம்? வியாழன் சாயந்திரம் ஃப்ளெக்ஸ் போகுது

காட்பாடியிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல் கண்காட்சியில பசங்க ஒரு ஸ்டால் போடுறாங்க, ரெண்டு வைரத்துக்கு நடுவுல துணுக்குப் பொருளை வச்சு நசுக்கினா உள்ள எவ்ளோ அழுத்தம்னு எப்படித் தெரியுதுங்கிறது தான் விஷயம். தலைப்பு 'நிலையழுத்த அளவுத்திருத்தம்'னு எழுதி வச்சிருக்கேன். தோட்டப்பாளையத்துல ஃப்ளெக்ஸ் போடுறவர் ஆறடிக்கு மேல அகலம் கிடையாதுங்கிறார். இது போதுமா, வேற ஏதாவது இருக்கா?

ஆம்பூரிலிருந்து:
சார், திருத்தம் எங்க நடக்குது? காலிபரேஷன்னா கருவி காட்டுறதையும் உண்மையான அளவையும் பக்கத்துல வச்சு ரெண்டுக்கும் என்ன உறவுன்னு எழுதி வைக்கிறது, அவ்ளோ தான், முள்ளைத் திருகி நேராக்குறது அடுத்த வேலை. வைரங்களுக்கு நடுவுல பொருளோட சேத்து வைக்கிற ரூபித் துணுக்கோட ஒளிர்வுல 694.2 நானோமீட்டர்ல இருக்குற நிறமாலைக் கோடு, அழுத்தம் ஒரு கிகாபாஸ்கல் ஏறினா 0.365 நானோமீட்டர் நகருது, 1972-லேர்ந்து இதை வச்சுத் தான் அங்க அளக்குறாங்க, அதுல எதைத் திருத்தினாங்க? 'ஒப்பளவீடு'ன்னு போடுங்க.

ஆரணியிலிருந்து:
ஐயா, சொல் இல்லாம தவிக்கிறோமா நாம? 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்'னு வள்ளுவர் கொடுத்துட்டுப் போயிருக்கார். காலிபரேஷன் = சீர்தூக்கல். இந்தத் தூக்குங்கிற வினையடியே எடை பாக்குறது தான், தூக்கு, தூக்குக்கோல், பாட்டுல வர்ற தூக்கு கூட அதே வேர். இன்னொண்ணு, அந்த ரெண்டு வைரத்தை 'டயமண்ட் ஆன்வில்'னு சொல்றாங்களே, அந்த ஆன்விலுக்குப் பட்டடைன்னு போடாதீங்க, பசங்க பட்டறைன்னு படிப்பாங்க. குறுந்தொகை 12-ல 'உலைக்கல் அன்ன பாறை'ன்னு இருக்கு, கொல்லன் பட்டடைக்கல் தான் அது, வைர உலைக்கல்னு போட்டா எவ்ளோ அழகு. சித்திரை மாசம் வேலூர் கோட்டைக்கு எதிர்ல இருக்குற மலைப்பாறையில கால் வச்சவனுக்கு உரையே வேணாம்.

ராணிப்பேட்டையிலிருந்து:
வாத்தியாரே, சீர்தூக்கிப் பார்னா யோசிச்சு பாருன்னு தான் எங்க ஊர்ல அர்த்தம். நான் இருவது வருசமா அழுத்தம் காட்டுற கேஜ் செக் பண்ணிகினு கீறேன். டெட் வெயிட் டெஸ்டர்னு ஒண்ணு, எண்ணெய்க்கு மேல ஒரு பிஸ்டன், அதுமேல வெயிட்டு, உரசல் இல்லாம இருக்க லேசா சுத்தி விடுவோம், எடையைப் பரப்பால வகுத்தா அழுத்தம். வீட்டுல குக்கர் வெயிட்டும் அதே சமாச்சாரம் தான். அதுக்கு ஒருத்தர் 'செத்த எடை'ன்னு தமிழாக்கம் பண்ணிக் குடுத்தார், பையன் சிரிச்சு உருண்டான். கடைத்தராசுக்குப் போடுறோமே முத்திரை, அதையே இதுக்கும் வைங்க, 'அழுத்த முத்திரை'.

காட்பாடியிலிருந்து:
குக்கர் உவமையைத் திருடிக்கிறேன். ஆனா குக்கர்ல வளிமண்டலத்துக்கு மேல சுமார் ஒரு கிலோ சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு கிகாபாஸ்கல்னா பத்தாயிரம் கிலோ! அந்த அளவுல சிலிண்டரே விரிஞ்சு பரப்பு மாறிடும், ரெண்டரை கிகாபாஸ்கலோட வெயிட்டு கதை முடிஞ்சுது. அப்புறம் பிஸ்மத்ங்கிற உலோகம் தான், 2.55 கிகாபாஸ்கல்ல உரு மாறும்போது மின்தடை பொத்துனு விழும், அதை மைல்கல் மாதிரி வச்சுக்கலாம். சரி, யாருமே 'நிலை' பத்திப் பேசலியே?

ஆம்பூரிலிருந்து:
நிலையழுத்தம்னா மாறாத அழுத்தம்னு தோணும், அது தப்பு, ஏத்தலாம் இறக்கலாம், ஏத்தின இடத்துல நிக்கணும். அதிர்ச்சி அலையில மைக்ரோசெகண்டுக்குள்ள வந்து போறதுக்கு எதிர்ச்சொல் இது. 'தங்கழுத்தம்' எப்படி? தங்கி நிக்கிறதால.

குடியாத்தத்திலிருந்து:
ஸ்ரீபுரம் தங்கக் கோயிலைப் பக்கத்துல வச்சிகினு தங்கழுத்தமா? கோல்டு ரேட்டு கேட்பானுங்க.

ஆரணியிலிருந்து:
அழுத்தமே வேணுமா? இலங்கையில அமுக்கம்னு எழுதுறாங்க.

ராணிப்பேட்டையிலிருந்து:
இங்க அமுக்கிட்டான்னா பணத்தை அடிச்சிட்டான்னு அர்த்தம் ஐயா, ஆளை வுடுங்க.

ஆம்பூரிலிருந்து:
ஒரு வேடிக்கை சொல்லவா, பெரிய அழுத்தத்துக்கு ரூபி அளவுகோலையே உலோகங்கள்ல அதிர்ச்சி அலை விட்டு எடுத்த கணக்கோட ஒப்பிட்டுத் தான் போட்டாங்க. நிக்கிறதை அளக்க ஓடுறது தான் சாட்சி. அதனால நிலை, தங்கல் ரெண்டுக்கும் நான் சண்டை போடல. திருத்தத்தை மட்டும் ஒத்துக்கவே மாட்டேன்.

குடியாத்தத்திலிருந்து:
பாடப்புத்தகத்துல அளவுத்திருத்தம்னு தான் வருது, பரீட்சைக்கு அதைத் தான் எழுதணும். விட்டுடுங்கப்பா. எனக்கு சம்மதம், இன்னும் யாரு?

ராணிப்பேட்டையிலிருந்து:
சரி, போடுங்க. கடைக்கு நேரமாச்சு.

காட்பாடியிலிருந்து:
நிலையழுத்த அளவுத்திருத்தம்னே கொடுத்துட்டேன், ஆறடியில மடங்காம வந்துடுச்சு. உலைக்கல்லும் உண்டு, ஆரணி ஐயாவுக்காக. ரூபியை மாணிக்கம்னு எழுதினேன், ஃப்ளெக்ஸ்காரர் போன் பண்ணி மாணிக்கம் யாரு, ஹெட்மாஸ்டரான்னு கேட்டார்.

ஆரணியிலிருந்து:
கெம்புன்னு போட்டிருக்கலாமே. ஆனா அது கன்னடமா தமிழான்னு ஒரு கேள்வி இருக்கு, ராத்திரி விரிவா எழுதுறேன்.