ஒல்லாந்தர் பட்டியலில் வரும் 'லொண்ட்': தமிழில் என்ன போடலாம்?

பழஞ்சுவடி (வெள்ளவத்தை):
ஒல்லாந்தர் காலக் கோட்டைச் சாமான் பட்டியல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெடிமருந்து, குண்டு, அடுத்த வரியில் 'லொண்ட்'. அளவு இறாத்தலில். அகராதி 'திரி' என்கிறது. விளக்குத்திரியை இறாத்தல் கணக்கிலா பண்டகசாலையில் அடுக்கிவைப்பார்கள்? 'வெடித்திரி' என்று எழுதினால் சரியா?

கோட்டைவாசல்:
வெடித்திரி வேண்டாம். வாசிக்கிறவருக்குச் சீனவெடித் திரிதான் ஞாபகம் வரும். அது மருந்து சேர்ந்தது, சீறிக்கொண்டு நொடியில் முடிந்துவிடும். லொண்ட் சுவாலை விடாது. சணல்கயிற்றை வெடியுப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தது. நுனியில் தணல் மட்டும் நிற்கும்; துவக்கு, பீரங்கி மருந்தை அதனால்தான் கொளுத்துவார்கள். பெட்டிக்கடை வாசலில் பீடி பற்றவைக்கத் தொங்கவிட்ட தும்புக்கயிற்றை நினைத்துப் பாருங்கள், அதே சங்கதி. என் தெரிவு 'தணல்திரி'.

இறாத்தல் கணக்குக்குக் காரணம் செலவு. ஒரு நுனி மணிக்கு ஏறக்குறைய 1 அடி தின்னும். துவக்குக்காரன் இரண்டு நுனியையும் பற்றவைத்திருப்பான், ஒன்று அணைந்தால் மற்றதில் மூட்டிக்கொள்ள. அப்போ மணிக்கு 2 அடி; 12 மணி நேரக் காவலுக்கு ஓர் ஆளுக்கு 24 அடி! உப்புக் குறைந்தால் தணல் செத்துவிடும், கூடினால் பொறி தெறிக்கும். மருந்துக் குப்பிகளை மார்பில் தொங்கவிட்டவனுக்கு அது உயிராபத்து.

பற்றுவாய்:
தணல்திரிக்கு என் வாக்கும் உண்டு. ஆனால் பட்டியலின் ஆண்டைப் பாருங்கள். 1700களில் சக்கிமுக்கித் துவக்கு (கல் பொறியால் மருந்தைப் பற்றவைப்பது, திரி வேண்டாதது) பரவிவிட்டது. அதன்பின் லொண்ட் பெரும்பாலும் பீரங்கிக்குத்தான்.

திரித்துவக்கில் அதைப் பாவிப்பது பொறுமை கேட்கும் வேலை. திரியைப் பிடித்திருக்கும் கொக்கியின் வாயில் அது கொஞ்சம் நீண்டால் வளைந்து மருந்துக் கிண்ணத்தைத் தவறும், குறுகினால் கொக்கி இரும்பே தணலை அணைக்கும். ஆகவே அடிக்கடி இழுத்துச் சரிசெய்ய வேண்டும். சுடுமுன் சாம்பலை ஊதிவிடாவிட்டால் மருந்து பற்றாது. மழை வந்தால் எல்லாம் போச்சு: 1630இல் கண்டிப் படையோடு நடந்த ரந்தெனிவெலச் சண்டையில் போர்த்துக்கேயருக்கு நடந்தது அதுதான்.

இன்னொன்று, மணம். ஒளிந்திருப்பவனைப் புகை காட்டிக்கொடுக்கும். 'லொண்ட் மணக்கிறது' என்றால் டச்சு மொழியில் இன்றைக்கும் 'ஏதோ சூது இருக்கிறது' என்று பொருள். நம்மவர் சண்டை மூட்டுவதை 'வத்தி வைத்தல்' என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். ஆனால் பட்டியலில் 'வத்தி' என்று எழுதாதீர்கள், ஊதுவத்தி ஆகிவிடும்.

பழஞ்சுவடி:
ஆண்டு 17ஆம் நூற்றாண்டின் கடைசி, ஆக இரண்டு பாவனையும் இருந்திருக்கும். மிக்க நன்றி. நாலு வரி தள்ளி 'லொண்ட்ஸ்டொக்கன்' என்று இருந்ததை வெறும் 'தடிகள்' என்று எழுதியிருந்தேன். அது திரி சுற்றிப் பீரங்கி கொளுத்தும் கோல்தானே?

பற்றுவாய்:
அதேதான். 'திரிக்கோல்' என்று போடுங்கள். எண்ணிக்கையை அதே பட்டியலின் பீரங்கி எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.