காது கேக்கும் கருவியில லேப்டாப் சத்தம் வர என்ன வழி?

கேள்வி: விண்டோஸ் 11 லேப்டாப். கருவி ஐபோனோட சேருது, லேப்டாப்ல சேரவே மாட்டேங்குது. பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கேக்காம படம் பாக்கணும்.

பதில் 1: கருவி எந்த வகை புளூடூத்னு முதல்ல பாருங்க சார். ஐபோனுக்கான தனி முறையும் ஆண்ட்ராய்டு போனுக்கான 'ஆஷா' முறையும் விண்டோஸுக்குப் புரியாது. எத்தனை தடவை தேடினாலும் வீண். எல்இ ஆடியோ (புளூடூத்தோட புது ஒலி முறை) கருவின்னா, லேப்டாப் செட்டிங்ஸ்ல புளூடூத் டிவைசஸ் பக்கத்துல அதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கணும். இல்லைன்னா லேப்டாப்போட புளூடூத் சிப்போ டிரைவரோ (அதை இயக்குற மென்பொருள்) ஆதரிக்கலை. லேப்டாப் அட்டைப்பெட்டியில புளூடூத் 5.3னு போட்டிருந்தா மட்டும் போதாது.

பதில் 2: ஃபோனாக் கம்பெனியோட பாரடைஸ் மாடல் மாதிரி கிளாசிக் புளூடூத் (பழைய, வழக்கமான புளூடூத்) கருவி சாதாரண ஹெட்செட் போலவே சேரும். பேட்டரி மூடியைத் திறந்து மூடுங்க (சார்ஜ் மாடலை அணைச்சுப் போடுங்க), 3 நிமிஷத்துக்குள்ள சேர்க்கணும். மீட்டிங்ல சத்தம் திடீர்னு மட்டமாச்சுன்னா, மைக்கை லேப்டாப் மைக்குக்கு மாத்துங்க. கருவியோட மைக் திறந்தா ஸ்டீரியோ போய் போன் கால் தரத்துக்கு இறங்கிடும். பாதிப் புகார் இதான்!

பதில் 3: ஐபோன் முறைக் கருவின்னா டிவி ஸ்ட்ரீமர் பெட்டிதான் (சத்தத்தை ஒயர் இல்லாம கருவிக்கு அனுப்புறது) சுலபம். பெட்டியோட 3.5 மி.மீ. ஒயரை லேப்டாப் ஹெட்போன் துளையில செருகினா போதும், லேப்டாப் ஸ்பீக்கரும் அடங்கிடும். ஆனா கருவி எந்தக் கம்பெனியோ அதே கம்பெனிப் பெட்டியா வாங்குங்க.