‘ஆச்சி வீடு’ குழு: 2026 ஈஸ்டர்

*மார்ச் 8, ஞாயிறு*

தம்பி (பெங்களூரு), மாலை 6.10
அனைவருக்கும் ஸ்தோத்திரம். இந்த ஆண்டு பெரிய வெள்ளி ஏப்ரல் 3ஆம் தேதியும் ஈஸ்டர் 5ஆம் தேதியும் வருவதால் மூன்று நாட்கள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைக்கிறது. சென்ற ஜூலையில் ஆச்சி காலமான பிறகு வரும் முதல் ஈஸ்டர் இது. அவர்கள் இல்லாத வீட்டில் பண்டிகை கொண்டாடுவது பெரியம்மாவுக்கு எவ்வளவு பாரமாக இருக்கும் என்று யோசித்தேன். முழங்கால் வலியோடு பத்துப் பேருக்குச் சமைப்பதும் எளிதல்ல. எனவே எல்லோரும் கொடைக்கானலில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கலாம், அங்குள்ள ஆலயத்திலேயே ஆராதனைக்குப் போகலாம் என்று நினைக்கிறேன்.

மாமா (கோவை), மாலை 6.32
எங்களுக்குக் கொடைக்கானல் பக்கம்தான். ஆனால் மூத்த அக்கா என்ன சொல்கிறார்களோ அதன்படியே செய்வோம்.

பெரியம்மா (மெஞ்ஞானபுரம்), இரவு 8.47
மகனே, என் முழங்காலை நினைத்து நீ இதைச் சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மா இல்லாத முதல் ஈஸ்டரை நான் வேறோர் ஊரில் கழிக்க விரும்பவில்லை. அதிகாலை ஆராதனைக்கு முன் பவனி நம் தெருவைச் சுற்றிக் கல்லறைத் தோட்டத்தின் வாசலைக் கடந்து போகும்போது நம் வீட்டார் அத்தனை பேரும் மெழுகுவர்த்தியோடு அதில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். என்னால் தனியாகச் செய்ய முடியாதது சனிக்கிழமை வேலை ஒன்றுதான். மக்ரூனும் கருப்பட்டிக் கேக்கும் ஆள் வைத்துச் செய்கிற காரியம் அல்ல. அதற்குக் கைகள் வேண்டும்.

அம்மா (பாளையங்கோட்டை), இரவு 8.55
நான் புதன்கிழமையே வந்துவிடுகிறேன், அக்கா. முந்திரிப் பருப்பை இங்கிருந்தே வாங்கி வருகிறேன்.

தம்பி, இரவு 9.03
அப்படியானால் ஊருக்கே வருகிறோம், பெரியம்மா. பவனியை நான் நினைக்கவே இல்லை. மன்னியுங்கள்.

நான் (சென்னை), இரவு 9.15
ஏப்ரல் 1ஆம் தேதி திருச்செந்தூர் ரயிலில் நாசரேத்துக்கு எனக்கும் பிள்ளைகளுக்கும் சீட்டு இருக்கிறது. ஜனவரி 31ஆம் தேதி முன்பதிவு திறந்த காலையிலேயே எடுத்துவிட்டேன். தம்பி, உங்கள் மூவருக்கும் பெங்களூரிலிருந்து திருநெல்வேலி வரை பேருந்தில் இடம் பார்த்துவிட்டுச் சொல்.

*மார்ச் 15, ஞாயிறு*

அக்கா (பெரியம்மா மகள், மெல்போர்ன்), காலை 7.20
இங்கே பெரிய வெள்ளி முதல் ஈஸ்டர் திங்கள் வரை நான்கு நாட்களும் அரசு விடுமுறை என்றாலும், இந்த முறை எங்களால் வர இயலவில்லை. அம்மாவோடு சனிக்கிழமை முழுவதும் காணொளியில் இருப்பேன். பெரிய வெள்ளிக்குச் சிலுவை பன்னை யார் செய்யப்போகிறீர்கள்? என் செய்முறையை அனுப்பட்டுமா?

அத்தை (கோவை), காலை 7.41
நான் செய்கிறேன். அனுப்பு, கண்ணு. ஆனால் லெந்து எனும் தவக்கால நாட்களில் உன் அம்மா முட்டை தொடுவதில்லை. சாம்பற்புதன் தொடங்கி ஆறு வாரம் காத்துக்கொண்டு, ஈஸ்டருக்கு இரண்டு நாள் முன்பு பன்னில் முட்டை சேர்த்துக் கொடுத்தால் நன்றாக இருக்காது.

அக்கா, காலை 7.58
முட்டையில்லாமலும் நன்றாகவே வரும், அத்தை. 1 கிலோ மைதாவுக்கு 600 மில்லி வெதுவெதுப்பான பால், 100 கிராம் வெண்ணெய், 120 கிராம் சர்க்கரை, 14 கிராம் உலர் ஈஸ்ட், இரண்டு தேக்கரண்டி பட்டைத்தூள், சிறிது ஜாதிக்காய், இரண்டு கைப்பிடி உலர்திராட்சை. கையில் ஒட்டாமல் வரும் வரை பத்து நிமிடமாவது பிசைய வேண்டும். இங்கே இலையுதிர் காலம் என்பதால் மாவு பொங்க இரண்டு மணி நேரம் ஆகிறது. நம் ஊர் ஏப்ரல் வெயிலில் முக்கால் மணி நேரத்திலேயே இரு மடங்காகிவிடும். அதற்கு மேல் விட்டால் புளித்துப்போகும். மைதாவையும் தண்ணீரையும் பசைபோலக் குழைத்துக் காகிதக் கூம்பில் நிரப்பி, அடுப்பில் வைக்கும் முன் ஒவ்வொரு பன்னின் மேலும் சிலுவை இட வேண்டும். வெந்து வெளியே எடுத்ததும் சூட்டோடு சர்க்கரைப் பாகு தடவினால் பளபளப்பு வரும்.

பெரியம்மா, காலை 8.30
நண்பகலில் தொடங்கும் மும்மணி ஆராதனை முடிந்து மூன்று மணிக்கு மேல் கஞ்சியும் தேங்காய்த் துவையலும்தான் நம் வீட்டு வழக்கம். இந்த ஆண்டு பன்னும் அதோடு இருக்கட்டும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் தியானித்துவிட்டு வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகளுக்கு அது நல்லதுதான்.

*மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு*

நான், பிற்பகல் 2.05
பெரியம்மா, சனிக்கிழமைக்கான அளவுகளை ஆச்சி எங்கும் எழுதி வைக்கவில்லை. நீங்கள் நினைவில் வைத்திருப்பதைச் சொன்னால் நான் எழுதிக்கொள்கிறேன்.

பெரியம்மா, மாலை 4.20
அம்மா முட்டையில் தொடங்குவார்கள். 12 முட்டையை உடைத்து, வெள்ளைக்கருவை மக்ரூனுக்கும் மஞ்சள் கருவைக் கேக்குக்கும் பிரிப்பார்கள். எதுவும் வீணாகக் கூடாது என்பதற்காக இரண்டையும் ஒரே நாளில் செய்யும் வழக்கம் வந்தது. லெந்து முழுவதும் கோழிகள் இட்ட முட்டையை யாரும் உண்ணாமல் சேர்த்து வைத்த காலத்தில் ஈஸ்டருக்கு வீட்டில் முட்டை மிகுந்திருக்கும் அல்லவா, அதுவும் ஒரு காரணம்.

வெள்ளைக்கருவில் மஞ்சள் ஒரு துளி விழுந்தாலும் நுரை நிற்காது. ஒவ்வொரு முட்டையையும் முதலில் சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரிய பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். 12 வெள்ளைக்கருவுக்குப் பொடித்த சர்க்கரை 600 கிராம், முந்திரிப் பொடி 600 கிராம். முந்திரியை ஒரேயடியாக அரைத்தால் எண்ணெய் விட்டுப் பிசுபிசுக்கும், விட்டுவிட்டு அரைத்துச் சலிக்க வேண்டும். பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் நுரை அசையாமல் நிற்கும்போது, சர்க்கரையையும் பிறகு பொடியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி மெதுவாக மடித்துக் கலக்க வேண்டும். காகிதக் கூம்பிலிருந்து பிழிந்து, நுனியைச் சட்டென்று மேலே இழுத்தால்தான் தூத்துக்குடிக் கடைகளில் இருப்பதுபோல் கூர் வரும். ஓவனில் 100 டிகிரி போதும். நிறம் மாறாமல், உள்வரை காய வேண்டும்.

கேக்குக்கு அரைக் கிலோ உடன்குடிக் கருப்பட்டி. அதைத் தட்டித் தண்ணீரில் கரைத்து, மண்ணும் தும்பும் போகத் துணியில் வடிகட்டி, நன்றாக ஆறவைக்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் மஞ்சள் கரு வெந்து திரிந்துவிடும். சுக்கும் ஏலக்காயும் மட்டும் போடுங்கள், எசென்ஸ் வேண்டாம். இப்போது பதநீர்க் காலம் என்பதால் புதுக் கருப்பட்டியாகவே கிடைத்துவிட்டது.

மாமா, மாலை 4.48
அந்த மணல் சட்டி இன்னும் பரணில் இருக்கிறதா, அக்கா? அகன்ற சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஆற்று மணலைப் பரப்பி, அதன்மேல் கேக் பாத்திரத்தை வைத்து, மூடிய தகரத்தின் மேல் சிரட்டைத் தணலைக் கொட்டி அம்மா வேகவைத்ததை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. ஓவனில் செய்த கேக்கில் அந்த மணம் வருவதே இல்லை.

பெரியம்மா, மாலை 5.02
இருக்கிறது. இறக்கித்தர ஆள்தான் வேண்டும்.

*ஏப்ரல் 4, சனி*

நான், காலை 11.15
அக்கா, நீ காணொளியிலிருந்து போனதும் பரணிலிருந்து மணல் சட்டியைத் தம்பி இறக்கினான். நேற்று அத்தை செய்த 30 பன்னும் ஆராதனை முடிந்து வந்த அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன. இன்று வீடு முழுவதும் ஏலக்காய் மணமாக இருக்கிறது. தம்பி மகள் கூம்பைப் பிடித்துப் பிழிகிறாள், அம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். முதல் தட்டில் இருந்தவை தட்டையாக வந்தன. மூன்றாவது தட்டில் எல்லாவற்றுக்கும் கூர் நிற்கிறது.

அத்தை, பிற்பகல் 1.30
பிள்ளைகள் பாத்திரத்தில் ஒட்டியிருப்பதையாவது வழித்து நக்கலாமா என்று கேட்டபோது, பெரியம்மா ஆச்சியைப் போலவே ‘விடிந்த பிறகு’ என்றார்கள். ஒரு பிள்ளையும் மறுத்துப் பேசவில்லை. பெரியவர்களும் தொடாமல் இருப்பதைப் பார்த்ததால் என்று நினைக்கிறேன்.

நான், மாலை 5.50
இரண்டு தட்டு மக்ரூன் ஓவனில் இருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. கதவைத் திறக்காமல் அப்படியே விட்டிருக்கிறோம். கேக் வெந்து எடுத்தாகிவிட்டது, சட்டியின் மணல் இன்னும் இளஞ்சூடாக இருப்பதால் பெரியம்மா தணலை அகற்றிவிட்டு ஒரு சின்னத் தட்டை அதில் வைத்திருக்கிறார்கள்.

நான், இரவு 8.10
மின்சாரம் வந்துவிட்டது. ஓவனில் இருந்தவை சற்றே பிசுக்கென்று இருக்கின்றன, இரவு முழுவதும் மெல்லிய சூட்டில் காயட்டும் என்று வைத்துவிட்டோம். மணல் சட்டியில் இருந்த 14 மக்ரூனும் தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்குக் காய்ந்திருக்கின்றன.

*ஏப்ரல் 5, ஈஸ்டர்*

பெரியம்மா, அதிகாலை 3.05
கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!

அக்கா, அதிகாலை 3.07
மெய்யாகவே உயிர்த்தெழுந்தார், அம்மா! இங்கே இன்று அதிகாலையில்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பினார்கள். ஆகவே எங்களுக்குக் காலை 7.37. ஆலயத்துக்குப் புறப்படும் முன் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று விழித்திருக்கிறேன்.

தம்பி, காலை 6.40
எங்கள் அனைவர் சார்பிலும் இதை எழுதுகிறேன். 4 மணிக்கு வீட்டிலிருந்து இறங்கும்போது தேய்பிறை நிலா நல்ல வெளிச்சமாக இருந்தது. பௌர்ணமி 2ஆம் தேதிதான் போயிற்று, அதையடுத்த ஞாயிறுதானே ஈஸ்டர். 192 அடி உயரமான நம் ஆலயக் கோபுரத்தின் உச்சி வரை அந்த ஒளியில் தெரிந்தது. கல்லறைத் தோட்டத்தின் வாசலை அடைந்தபோது பெரியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார்கள். என் மகள் தன் மெழுகுவர்த்தியின் சுடர் அணையாமல் கையால் மறைத்தபடி, ‘பெரிய ஆச்சி இங்கேயா இருக்கிறார்கள்?’ என்று கேட்டாள். பெரியம்மா, ‘இல்லையம்மா, இங்கே வைத்தோம், அவ்வளவுதான்’ என்றார்கள். பிறகு பவனியோடு நடந்துபோய் ஆலயத்துக்குள் அமர்ந்தோம். கொடைக்கானலுக்குப் போயிருந்தால் இந்தச் சொல்லை நான் கேட்டிருக்க மாட்டேன்.

அம்மா, காலை 7.25
இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் தயார், அனைவரும் வாருங்கள். மக்ரூனை முதலில் மணல் சட்டியில் காய்ந்த தட்டிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.

மாமா, காலை 8.10
கருப்பட்டிக் கேக்கில் அந்த மணம் இருக்கிறது. ஓரம் ஒரு பக்கம் கறுத்திருக்கிறது, அம்மா செய்ததும் அப்படித்தான் இருக்கும்.

*ஏப்ரல் 6, திங்கள்*

நான், மாலை 6.15
தம்பியும் மாமாவும் இன்று விடுப்பு எடுத்துக்கொண்டதால் எல்லோருமாக மணப்பாட்டுக்கு வந்திருக்கிறோம். சவேரியார் 1542இல் தங்கிச் செபித்ததாகச் சொல்லப்படும் குகையைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். பெரியம்மா குன்றின்மேல் ஏறவில்லை. கீழே கடலோர மணலில் நாற்காலி போட்டு, அம்மாவும் அவர்களும் பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டப்பாவில் எஞ்சிய மக்ரூனைக் கடல் காற்றில் திறந்து வைத்ததால் பத்து நிமிடத்தில் நமுத்துவிட்டது, பிள்ளைகள் அப்படியே விரும்பித் தின்றுவிட்டார்கள்.

*ஏப்ரல் 9, வியாழன்*

தம்பி, இரவு 9.20
2027இல் ஈஸ்டர் மார்ச் 28ஆம் தேதி வருகிறது. புதன்கிழமை, அதாவது 24ஆம் தேதி, புறப்படும் ரயிலுக்கு ஜனவரி 23ஆம் தேதி காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்கும். சென்னையிலிருந்து வருபவர்களுக்கும் சேர்த்து நானே எடுத்துவிடுகிறேன். மெல்போர்ன் அக்கா, இப்போதே விடுப்புக்குச் சொல்லி வையுங்கள்.

பெரியம்மா, இரவு 9.34
மணல் சட்டியைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். பரணில் ஏற்றவில்லை, சமையலறை மூலையிலேயே இருக்கட்டும்.