புதுப்பிப்பு: பதினொரு புத்தகங்களும் ஒரு பாஸ்புக்கும்

“சுயமுன்னேற்ற நூல்கள் பதினொன்று படித்தும் இருபதாம் தேதிக்குள் சம்பளம் கரைந்துவிடுகிறதே” என்று முன்பு இங்கே புலம்பியிருந்தேன். “முதலில் புத்தகம் வாங்குவதை நிறுத்துங்கள்” என்று ஒருவர் சொன்னது சுருக்கென்று தைத்தது. இப்போது ஞாயிறுகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில்தான் வாசிப்பு. அந்த நூல்களைப் படித்துத் தொடங்கிய விடியுமுன் எழும் பழக்கம் நான்கே நாளில் செத்தது, அது போகட்டும்.

தபால் நிலையத்தில் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி என்னும் அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டம்) கணக்கு தொடங்கிவிட்டேன். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம், முதிர்வு 15 ஆண்டு. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 5-ஆம் தேதிக்குப் பிறகு கட்டினால் அந்த மாத வட்டி அந்தப் பணத்துக்குக் கிடைக்காது. அதனால் சம்பளம் வந்த கையோடு கட்டிவிடுகிறேன். இந்த ஒரு வரி அந்தப் பதினொன்றில் எதிலும் இல்லை! கவுண்டரில் இருந்த அம்மாதான் சொன்னார்.

சம்பள உயர்வா? இன்னும் கேட்கவில்லை. மேலாளரைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.