ஒரே சோப்பு, ஆளுக்கொரு விலை: எங்கள் கடையில் நடந்தது

தென்காசிப் பக்கம் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்கு முந்தைய வாரம், வழக்கமாக வரும் ஒரு அக்கா சோப்பைக் கையில் எடுத்துவிட்டு, "அண்ணாச்சி, டவுன்ல இது 41 ரூவா. நீங்க 48 போடுதீயளே?" என்றார். பதில் சொல்ல வரவில்லை. அவர் போனதும் ஏஜென்சி பில்லை எடுத்துப் பார்த்தேன். எனக்கு அடக்கமே 43.50.

ஆர்டர் எடுக்க வந்த தம்பியிடம் கேட்டேன். பில்லின் ஓரத்தில் பேனாவால் மூன்று வரி எழுதிக் காட்டினான்: 25 பெட்டிக்குள் ஒரு விலை, அதற்கு மேல் ஒன்று, 500 பெட்டிக்கு ஒன்று. "500 எடுத்தா உங்களுக்கும் அதே ரேட்டுதான் அண்ணாச்சி." எனக்கு மாதம் ஓடுவது 3 பெட்டி.

வக்கீலாக இருக்கும் மச்சானிடம் போனேன். வியாபாரப் போட்டியை ஒழுங்குபடுத்தும் 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 4-வது பிரிவு பாரபட்ச விலையைத் தடுக்கிறது, ஆனால் விற்பவர் சந்தையில் ஆதிக்கம் உள்ளவராக இருக்க வேண்டும் என்றார். சோப்பில் அதைக் காட்டுவது கஷ்டம். ஆம்பூல் (ஊசி மருந்து அடைக்கும் சின்னக் குப்பி) செய்யும் கண்ணாடிக் குழாய் விற்ற ஷாட் கிளாஸ் இந்தியா, ஆளுக்கொரு தள்ளுபடி கொடுத்தது என்று அந்தச் சட்டப்படி விசாரிக்கும் போட்டி ஆணையம் 2012-ல் சுமார் 5.66 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்ய, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் ரத்து சரியே என்றது. எல்லோருக்கும் ஒரே தள்ளுபடி அட்டவணை என்றால் அது பாரபட்சம் ஆகாதாம்.

அமெரிக்காவில் வேறு மாதிரி. ஒரே சரக்கைக் கடைக்குக் கடை விலை மாற்றி விற்பதைத் தடுக்க அங்கே 1936-லேயே ராபின்சன்-பாட்மன் சட்டம் வந்துவிட்டது. மார்ட்டன் சால்ட் கம்பெனி உப்புப் பெட்டியைக் கொஞ்சமாக வாங்கும் கடைக்காரருக்கு 1.60 டாலருக்கும், வருடத்துக்கு 50,000 பெட்டி வாங்குபவருக்கு 1.35-க்கும் கொடுத்தது. அந்த அளவை எட்டியவை ஐந்தே பெரிய கடை நிறுவனங்கள். தள்ளுபடி எல்லோருக்கும் பொதுதானே என்ற வாதத்தை 1948-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பேச்சுக்குத்தான் பொது, நடைமுறையில் இல்லை என்றது. இதைக் கேட்டபோது பில்லின் ஓரத்தில் இருந்த அந்த மூன்றாவது வரிதான் என் கண்ணில் நின்றது. என்னைப் பொறுத்தவரை அமெரிக்கக் கோர்ட் சொன்னதுதான் நியாயமான தீர்ப்பு.

அப்புறம் சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் ஒன்பது பேர் சேர்ந்தோம். இப்போது ஒரே ஆர்டராக 27 பெட்டி எடுக்கிறோம். அடக்கம் 42-க்கு இறங்கியிருக்கிறது. அக்கா சொன்ன 41-க்கு இன்னும் கட்டுப்படியாகவில்லை. இப்படிச் சேர்ந்து வாங்குகிறவர்கள் இங்கே இருந்தால், பில்லை யார் பெயரில் போடுகிறீர்கள், ஜிஎஸ்டியை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.